அளவு நோட்டில் ஒரு முன்கை

என் அண்ணனைக் கடைக்கு வருகிறவர்கள் மாஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'அரை இஞ்ச்' என்பார்கள். சட்டையோ கோட்டோ, அளவெடுத்து முடித்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அரை இஞ்ச் லூஸ் விடட்டுமா?" என்று கேட்காமல் அவர் யாரையும் அனுப்பியதில்லை. வேண்டாம் என்று சொன்னாலும் விட்டுவிடுவார். மனுஷன் உட்காருவான், வயிறு முட்டச் சாப்பிடுவான், பெண்டாட்டியிடம் திட்டு வாங்கிப் பெருமூச்சு விடுவான், அதற்கெல்லாம் துணியில் இடம் வேண்டாமா என்பது அவர் கட்சி.

நான் அவருடைய தங்கை. அண்ணி மிஷினில் உட்காருவாள். காஜாவும் பட்டனும் நான். வெட்டுவது அண்ணன் மட்டும். வாடிக்கையாளரோடு சண்டை போடும் இலாகாவும் என்னுடையதுதான், அண்ணனுக்கு அது வராது. அவர் கழுத்தில் இருபது வருஷமாக ஒரே மஞ்சள் டேப். எண்கள் பாதி மங்கி, நுனித் தகடு ஆடிக்கொண்டு கிடக்கும். கல்யாண வீட்டுக்குக்கூட அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பி, வாசலில் அண்ணி பிடுங்கி வைத்ததெல்லாம் உண்டு.

ஒரு நாள் கோட்டுத் துணியின் நடுவில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. மழுங்கிவிட்டது என்று நினைத்தோம். சாணை பிடித்து வந்தோம். மறுபடியும் நின்றது. சாணைக்காரரிடம் போய் நான் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு வந்தேன். அந்த மனிதர் பாவம், ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் இன்னொரு முறை தீட்டிக் கொடுத்தார். மூன்றாவது முறையும் நின்றபோது அண்ணன் கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே சதை பள்ளமாக இறங்கியிருந்தது.

நரம்பு டாக்டர் அதிகம் பேசாத மனிதர். ஆனால் சுற்றி வளைக்கவும் மாட்டார். "தசைக்குப் போற நரம்பு கொஞ்சம் கொஞ்சமா பட்டுப்போகுது. மாத்திரையால வேகத்தைக் குறைக்கப் பார்க்கலாம். போனதைத் திருப்பிக் கொண்டுவர எனக்குத் தெரிஞ்சு இன்னைக்கு வழி இல்லை" என்றார்.

அந்த வாரமே அண்ணன் அளவு நோட்டில் தனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு: மார்பு, இடுப்பு, தோள், கை. இவர் பக்கத்தில் ஒரே ஒரு அளவு. வலது முழங்கைக்கு நாலு விரல் கீழே அவருக்கு ஒரு மச்சம். திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன் அந்த மச்சத்தின் மேல் டேப்பைச் சுற்றி நான் படிக்க வேண்டும், இடது கையால் அவர் எழுதுவார். முதல் வாரம் பத்தேகால். எட்டு மாதத்தில் ஒன்பதரை. கனத்த துணியை வெட்டுவது என் கைக்கு மாறிவிட்டது. நான் வெட்டுவதை அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்காமல் இருந்தாலாவது நேராக வெட்டியிருப்பேன்.

ஸ்டெம் செல் சங்கதி அண்ணியின் போனில் வந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று. நம் உடம்பின் அணுக்களையே எடுத்து, கழுவி, பெருக்கி, முதுகில் ஏற்றுகிறார்களாம். நடக்க முடியாதவர் நடக்கிற வீடியோ, கோப்பை பிடிக்க முடியாதவர் காபி குடிக்கிற வீடியோ. அண்ணி அதை நாளுக்கு நாலு தடவை பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒரு நம்பர் இருந்தது. கூப்பிட்டோம். கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண், நம் பாஷையில், வழுக்கிக்கொண்டு போகிற குரலில் பேசினாள். முதல் பேச்சிலேயே அண்ணனை 'அப்பா' என்றாள். எனக்கு அப்போதே ஒட்டவில்லை, ஆனால் வீட்டில் எல்லாருக்கும் முகம் மலர்ந்திருந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் கத்தவில்லை. "போறதும் போகாததும் உங்க இஷ்டம். சில ரத்த நோய்க்கு இந்த மாதிரி சிகிச்சை கைகண்டது. உங்க நோய்க்கு இன்னும் சோதனையிலதான் இருக்கு. மூணு விஷயம் கேட்டு எழுதி வாங்குங்க. எந்த அணுவை எங்கிருந்து எடுக்கறாங்க? இதுவரைக்கும் செஞ்சவங்களை ஒரு வருஷம் கழிச்சு யாராவது பார்த்துக் கணக்கு வெச்சிருக்காங்களா? ஊருக்குத் திரும்பினப்புறம் காய்ச்சல் வந்தா யார் பொறுப்பு?" என்றார். நான் மூன்றையும் அப்படியே கேட்டேன். அவள் பதிலுக்கு இன்னும் ரெண்டு வீடியோ அனுப்பினாள். அதையும் பார்த்துவிட்டு நாங்கள் டிக்கெட் போட்டோம். எங்களை என்ன சொல்வது.

அண்ணிக்கு விமானம் என்றாலே பயம், கடையையும் யாராவது பார்க்க வேண்டும். அதனால் துணைக்கு நான். பெட்டி கட்டும்போது டேப் ஞாபகம் வந்தது. பழையது பார்க்கவே சகிக்கவில்லை. இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிறோம், அங்கே டாக்டர்கள் முன்னால் இந்தக் கந்தலையா எடுப்பது என்று, அட்டை பிரிக்காத புது டேப் ஒன்றைப் பெட்டியில் வைத்தேன். பழையதைப் பட்டன் டப்பாவுக்குள் போட்டேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்புதான்.

இறங்கிய இடத்தில் அண்ணன் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றார், குளிரூட்டிய வண்டி, தண்ணீர் பாட்டில், எல்லாம் அமர்க்களம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி மாதிரியே இல்லை. மருந்து வாசனை கிடையாது. வரவேற்பில் மீன் தொட்டி, அறையில் ரெண்டு கட்டில், ஜன்னலுக்கு வெளியே வேறொரு கட்டடத்தின் சுவர். முதல் நாள் ரத்தம், ஸ்கேன், பதினாலு பக்கத்தில் ஒரு சம்மதப் படிவம். போனில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒவ்வொரு பக்கத்தையும் ரெண்டு வரியில் சொல்லிக்கொண்டே போனார். "இது வழக்கமானதுதான், கையெழுத்துப் போடலாம்." அண்ணன் இடது கையால் பதினாலு தடவை போட்டார்.

மூன்றாம் நாள் இடுப்பு எலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்தும் அண்ணன் கட்டில் கம்பியை விடவில்லை. ஐந்தாம் நாள் அதிலிருந்து பிரித்த அணுக்களைக் கீழ் முதுகில் ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். அப்புறம் தலைவலி, சாயங்காலம் காய்ச்சல். நர்ஸ் வந்து பார்த்து, சிரித்து, "நல்ல அறிகுறி" என்று போனில் தட்டி எனக்குக் காட்டினாள். காய்ச்சல் எப்படி நல்ல அறிகுறி ஆகும் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. தினமும் ரெண்டு வேளை உடற்பயிற்சிக்காரர் வந்து அண்ணன் கையைப் பிடித்துவிட்டு, வெந்நீரில் வைத்து, பந்தை அமுக்கச் சொல்வார். முப்பது வருஷத்தில் அந்தக் கை ஒரு வாரம் சும்மா இருந்தது அதுவே முதல் தடவை.

பக்கத்து அறையில் ஒரு கப்பல் சமையல்காரர். நம் ஆட்களோடு வேலை பார்த்தவர், அரைகுறையாக நம் பேச்சு வரும். சாப்பாட்டு மேஜையில், "போன தடவை ஊசி போட்டதும் கால் தூக்கிட்டேன்" என்றார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்ப மூணாவது தடவை வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு சூப்பைக் கலக்க ஆரம்பித்தார். அதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

ஊசி போட்ட மறுநாள் திங்கட்கிழமை. எங்கே இருந்தாலும் திங்கள் திங்கள்தானே. புது டேப்பைப் பிரித்து மச்சத்தின் மேல் வைத்துச் சுற்றினேன். படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். ஒன்பதே முக்கால்.

"சரியாப் பாரு" என்றார் அண்ணன்.

"நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். எட்டு மாதமாக இறங்கிக்கொண்டே இருந்த அளவு, கால் அங்குலம் ஏறி நின்றது. நான் அழுதுவிட்டேன், மறைப்பானேன். அண்ணன் அழவில்லை, அன்று காலை தானே சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார். கை லேசாகத்தான் இருந்தது, அதைப் பொய் என்று இன்றைக்கும் அவர் சொல்லமாட்டார்.

கிளம்பும் முன் ஆஸ்பத்திரிக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். அண்ணன் கூச்சப்படுகிறவர், ஆனால் அன்று அவரைப் பிடிக்க முடியவில்லை. டேப்பைத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: "நான் முப்பது வருஷமா அளவு எடுக்கறவன். வாய் பொய் சொல்லும், மனசு பொய் சொல்லும். டேப் பொய் சொல்லாது. கால் இஞ்ச் ஏறியிருக்கு." கைதட்டினார்கள். பலன் முழுசாகத் தெரிய மூன்று மாதமாகும், மூன்றாம் மாதம் ரெண்டாவது சுற்றுக்கு வரவேண்டும் என்று ஒரு கோப்பைக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஊரில் அந்த வீடியோ எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. கடைக்கு போன் வர ஆரம்பித்தது. எங்கெங்கோ இருந்து, பெண்டாட்டிக்கு, தம்பிக்கு, மகளுக்கு என்று கேட்பார்கள். அண்ணன் எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, பெயரையும் நம்பரையும் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். ஒரு டீச்சர் மூன்று தடவை கூப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர், ரெண்டு கையும் இதே மாதிரி. "நீங்க அளந்து சொன்னீங்க பாருங்க சார், அதுலதான் எங்களுக்குத் தைரியம் வந்தது" என்றாள்.

புது டேப் ராசியான டேப் ஆகிவிட்டது. அண்ணன் கழுத்தைவிட்டு இறங்கவே இல்லை. திங்கட்கிழமைகளில் ஒன்பதே முக்காலிலேயே நின்றது. பிறகு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், குறைந்தது. பிறகு இன்னொரு நூல், ஒன்பதரைக்கு வந்துவிட்டது. "பரவாயில்ல, கிளம்பினப்ப இருந்ததுக்குக் கீழ போகலையே. ரெண்டாவது சுற்றுல ஏறும்" என்று அண்ணி சொன்னாள். நாங்களும் தலையாட்டினோம். பெட்டிகூட பரணிலிருந்து இறங்கிவிட்டது.

இதற்கு நடுவில் கடையில் ஒரு தலைவலி. பழைய வாடிக்கையாளர்கள் சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று திரும்ப வந்தார்கள். முதலில் ஒருவர் வந்தபோது துணி சுருங்கிவிட்டது என்றேன். அடுத்தவரிடம், வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது போல என்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மூன்றாவதாக வங்கி மேனேஜர் வந்தார். விவரமான மனிதர், போன வருஷம் நாங்கள் தைத்த சட்டையையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"அதே நோட்டு, அதே அளவு, அதே மாஸ்டர். இதுல மட்டும் பட்டன் போட்டா மூச்சு விட முடியல. ஊரே ஒரே மாசத்துல பெருத்துடுச்சா?" என்றார்.

அண்ணன் ரெண்டு சட்டையையும் மேஜையில் விரித்தார். மார்பில் ஒரு அங்குலம் வித்தியாசம். நோட்டைப் பார்த்தார். கழுத்து டேப்பை எடுத்துப் பழைய சட்டையை அளந்தார், நோட்டில் இருந்ததைவிட ஒரு அங்குலம் அதிகம் காட்டியது. மேனேஜரிடம், "நாளன்னைக்கு வாங்க சார், பிரிச்சுத் தைச்சுத் தரேன், தப்பு எங்களோடதுதான்" என்று சொல்லி வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். என்னிடம் திரும்பி, "பழைய டேப் எங்க?" என்றார்.

பட்டன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு டேப்பின் நுனியையும் ஒன்றாக வைத்து என்னைப் பிடிக்கச் சொல்லி, மேஜை நெடுக நீவிக்கொண்டே போனார். அறுபது அங்குல டேப். புதியது முடிந்த இடத்துக்கு அப்புறமும் பழையது ஒன்றரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது.

இருபது வருஷ இழுப்பில் அது நீண்டுபோயிருக்கிறது. எங்களுக்குத் தெரிய வழியில்லை. உடம்பை அளப்பதும் அதே டேப், துணியை அளப்பதும் அதே டேப், ரெண்டு பக்கமும் தப்பு ஒரே மாதிரி என்பதால் ஒரு சட்டைகூடக் கெட்டதில்லை. இப்போது நோட்டில் இருப்பது பழைய டேப்பின் அளவு, துணியை வெட்டியது புது டேப்பால். நீண்ட டேப் குறைத்துக் காட்டும், புது டேப் உள்ளதைக் காட்டும். நான் புதுசைப் பெட்டியில் வைத்த அன்றைக்கே அண்ணன் கை கால் அங்குலம் ஏறிவிட்டது. விமானத்தில் வைத்து அளந்திருந்தாலும் ஒன்பதே முக்கால்தான் காட்டியிருக்கும்.

"மச்சத்து மேல வை" என்றார் அண்ணன், பழைய டேப்பை நீட்டி.

ஒன்பதேகால். கிளம்பியபோது இருந்ததைவிடக் கால் அங்குலம் குறைவு.

அண்ணி மிஷினை நிறுத்தியிருந்தாள். "அப்ப அந்த ஊசி, அந்தக் காய்ச்சல், அதெல்லாம்?" என்று கேட்டாள்.

"ஏறலை. அது நிச்சயம். இறங்கறது மெதுவாச்சா, அதே வேகமா, எதுவும் சொல்ல முடியாது. வேற என்ன வேணும்னாலும் நினைச்சுக்கலாம், அதுக்கெல்லாம் நம்மகிட்ட அளவு இல்ல" என்றார் அண்ணன்.

"இன்னொரு தடவை போய்ப் பார்த்தா..."

அண்ணன் இல்லை என்று சொல்லவில்லை. பரணிலிருந்து இறங்கிய பெட்டியைப் பார்த்தார். அவருக்கும் ஆசைதான், வெட்டுகிற கையல்லவா. எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. "எல்லாம் என்னாலதான்" என்றேன். "ஆமா" என்றார், கோபமில்லாமல்.

அன்று மத்தியானமே டீச்சர் கூப்பிட்டாள். டிக்கெட் போட்டாகிவிட்டதாம், அடுத்த மாதம் பயணம், அங்கே அறையில் குளிருமா, என்ன துணி எடுத்துப்போகலாம் என்று கேட்கத்தான். அண்ணன் போனை மேஜையில் வைத்து, நாங்களும் கேட்கும்படி பேசினார்.

"டீச்சர், அந்த வீடியோல நான் சொன்னது தப்பு." டேப் கதை முழுவதையும், புது டேப், பழைய டேப், வங்கி மேனேஜர் சட்டை, ஒன்றுவிடாமல் சொன்னார். லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"உங்களுக்கு ஏறலைன்னா எங்க வீட்டுக்காரருக்கும் ஏறாதுன்னு சொல்றீங்களா?" என்றாள் கடைசியில்.

"அது எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியாததைச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. உங்க டாக்டர்கிட்ட மறுபடியும் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்க. எங்க டாக்டர் கேக்கச் சொன்ன மூணு கேள்வி இருக்கு, சொல்றேன், எழுதிக்கோங்க. பதில் எழுத்துல வரணும், வீடியோவா வரக்கூடாது. அப்படியும் போறதுன்னு முடிவெடுத்தா, போறதுக்கு முன்னாடியும் போன அன்னைக்கும் வந்தப்புறமும் ஒரே டேப்பால அளங்க."

அவள் அழுதுகொண்டே எழுதிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அப்புறம் கோஆர்டினேட்டர். வீடியோவை எடுத்துவிடும்படி அண்ணன் பணிவாகத்தான் கேட்டார். "பாசிட்டிவா இருங்க அப்பா. அன்னைக்கு நீங்க உணர்ந்தது உண்மைதானே?" என்றாள். படிவத்தின் பதினோராம் பக்கத்தில் வீடியோவுக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள் என்றாள். ரெண்டாவது சுற்றுக்குத் தேதி உறுதி செய்யட்டுமா என்று அதே மூச்சில் கேட்டாள். நான் போனைப் பிடுங்கி, ஆஸ்பத்திரிக்காரர்கள் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது, இதயமா இட்டிலிச் சட்டியா என்று ஆரம்பித்தேன். அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கி, "தேதி வேண்டாம்மா. நான் வரல" என்று சொல்லி வைத்தார். அவ்வளவுதான். பெட்டியை அண்ணி தானே தூக்கிப் பரணில் போட்டாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினாலு நம்பர் இருந்தது. நாளுக்கு மூன்று நாலு என்று எல்லாருக்கும் கூப்பிட்டார். சிலர் திட்டினார்கள். ஒருவர், "உங்களுக்குப் பேசின பணத்தைக் குடுக்கலையா, அதான் மாத்திப் பேசறீங்களா?" என்று கேட்டார். ரெண்டு பேர் எடுக்கவே இல்லை, அவர்கள் ஏற்கெனவே அங்கே போயிருந்தார்கள். திரும்பி வந்ததும் பேசுகிறேன் என்று அந்த ரெண்டு நம்பரை மட்டும் கோடு போட்டு அடிக்காமல் வைத்திருக்கிறார். நானும் என் பங்குக்குச் சாணைக்காரரிடம் போய் நின்றேன். அவர், "எந்தக் கத்தரி?" என்றார், மறந்தே போயிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, கடை திறக்கும் முன், வழக்கம்போல அண்ணன் கையை மேஜை மேல் நீட்டினார். இனிமேல் பழைய டேப்தான் என்று சொல்லிவிட்டார், அந்தப் பக்கத்தில் முதல் எட்டு மாதம் எழுதியதெல்லாம் அதன் அளவு என்பதால். மச்சத்தின் மேல் வைத்துச் சுற்றினேன். ஒன்பதேகாலுக்கும் கீழே போயிருந்தது. அவர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சொல்லிவிடுகிறேன். என் விரல் டேப்பைக் கொஞ்சம் தளர்த்தியது. யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. ஒரு நூல் தளர்த்தினால் ஒன்பதேகால் என்று வாய் கூசாமல் படித்துவிடலாம், அவருக்கு இந்த வாரம் போய்விடும்.

"இறுக்கிப் பிடி" என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

"சரியாத்தான் பிடிச்சிருக்கேன்."

"முப்பது வருஷமா லூஸ் விட்டவன்கிட்டயே விடறியா? அது சட்டைக்கு. இறுக்கு."

இறுக்கினேன். ஒன்பதேகாலுக்கு ஒரு நூல் குறைவு. படித்தேன். அவர் இடது கையால் எழுதி, தேதி போட்டு, நோட்டை மூடிக்கொண்டு, கதவைத் திறக்கச் சொன்னார்.